வண்டியில் ஒன்றா, கையில் ஒன்றா?

மழையைக் கண்டு மகிழ்வது, ஏரியை நம்பி வாழ்ந்த தொண்டை நாட்டாரின் இயல்பு. ஆயினும் 2015-ம் வருஷத்துக்குப் பிறகு, குரோம்பேட்டை, தாம்பரம் பகுதிகளில் வசிக்கும் நாம் கார்த்திகை மாதத்தில் வானம் கறுத்தால், முதலில் கைபேசியை எடுத்து அதில் உயிர் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறோம்.

அவ்வருஷம் டிசம்பர் 1-ந் தேதி காலை முதல் மறுநாள் காலை வரையில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. அடையாறு கரை மீறி முடிச்சூர், வரதராஜபுரம் பக்கத்துத் தெருக்களில் புகுந்தது. மின்சாரம் நின்றது. சில மணி நேரத்துக்கெல்லாம் கைபேசிக் கோபுரங்களும் ஒன்றன்பின் ஒன்றாக ஊமையாயின.

அன்று பிற்பகலில் நம் தெருவாசி ஒருவர், முடிச்சூரில் தனியே இருந்த வயோதிகத் தாயாரை அழைத்து வர மோட்டாரில் புறப்பட்டுப் போனார். சாயங்காலத்துக்குமேல் அவரிடமிருந்து யாதொரு சேதியும் இல்லை. அவருடைய மனைவியும் பெண்ணும் இரண்டு இரவுகளை வாசற்படியிலேயே கழித்தார்கள். மூன்றாம் நாள் நண்பகலில் தாயும் மகனும் படகிலும், பிறகு யாரோ ஒரு புண்ணியவானின் லாரியிலுமாக வீடு வந்து சேர்ந்தார்கள். அத்தனை நேரமும் ஒரு வீட்டு மாடியில் பத்திரமாகவே இருந்திருக்கிறார்கள். 'பிழைத்திருக்கிறோம்' என்ற ஒரு சொல்லை எட்டுக் கிலோமீட்டர் தூரம் அனுப்ப வழியில்லை. அவ்வளவுதான்!

வெள்ளம் வடிந்த பிறகு அவர் நம்மிடம் வந்தார். "சார், போலீஸ் வண்டியில் பொருத்தியிருக்கிறார்களே, அந்த மாதிரி ரேடியோ ஒன்று வண்டிக்கு வாங்கலாமா? அல்லது கையில் பிடிக்கும் வாக்கி-டாக்கி போதுமா?" என்று கேட்டார். பௌதிகம் கற்பிக்கிறவர்கள் என்ற மிடுக்கில், "வண்டியில் பொருத்துவதே மேல்" என்று நாம் சட்டென்று சொல்லிவிட்டோம். அந்த விடை பாதி உண்மை. மீதிப் பாதியையும் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியது நம் கடமை.

முதற்பாதியைப் பார்ப்போம். இவ்வகை ரேடியோக்களின் அலைகள் பெரும்பாலும் பார்வையைப் போல் நேர்கோட்டில் செல்பவை. ஏரியல் எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறதோ, அந்த எண்ணின் வர்க்க மூலத்தை நான்கால் பெருக்கினால், அது எட்டும் தூரம் கிலோமீட்டர்க் கணக்கில் ஏறக்குறையக் கிடைக்கும். மோட்டாரின் கூரையுயரம் ஒன்றரை மீட்டர். ஆகவே ஐந்து கிலோமீட்டர். எதிரே பேசும் வண்டிக்கும் ஐந்தைச் சேர்த்தால் பத்து. இது திறந்த வெளிக்குரிய கணக்கு. ஜி.எஸ்.டி. சாலையின் கட்டடங்களுக்கு நடுவே இதில் பெரும் பகுதி குறைந்துபோகும். அதே ஏரியல் 90 மீட்டர் உயரமுள்ள பரங்கிமலை போன்றதொரு குன்றின்மேல் இருக்குமானால், செங்கற்பட்டு வரையிலும் எட்டக்கூடும். ஒருவர் பேச்சை உயரத்தில் வாங்கி, மறுபடி ஒலிபரப்பும் 'ரிப்பீட்டர்' என்னும் நிலையங்களுக்கு இதுவே தத்துவம்.

இக்கணக்கில் கைக்கருவிக்கு ஒரு பெருங்குறை உண்டு. மோட்டார் வண்டி ஓர் இரும்புப் பெட்டி. அதற்குள் உட்கார்ந்து பேசினால், அலைகளில் ஒரு பகுதி ஜன்னல் கண்ணாடி வழியே வெளியேறும். மிச்சம் உள்ளேயே தங்கிவிடும். போதாக்குறைக்கு அதன் ஏரியல் விரல் நீளமுள்ள ரப்பர்த் தண்டு. வண்டியில் பொருத்தும் ரேடியோவுக்கோ கூரையின் நடுவே சுமார் அரை மீட்டர் நீளமுள்ள கம்பி நிற்கும். பகையாயிருந்த இரும்புக் கூரையே அப்போது அதற்குத் துணையாகிவிடும். சக்தியும் அதிகம். கைக்கருவியில் ஐந்து வாட் என்றால், வண்டி ரேடியோவில் இருபத்தைந்து முதல் ஐம்பது வரை இருக்கும். ஆனால் சக்தி பத்து மடங்கானால் தூரமும் பத்து மடங்காகும் என்று எண்ணுவது தவறு. சக்தி பேச்சைத் தெளிவாக்கும். குன்றையும் கட்டடத்தையும் அகற்றாது. ஏரியலின் இடமே முக்கியம்.

பொருத்துவதிலும் கவனம் தேவை. சிகரெட் பற்றவைக்கும் துளையிலிருந்து மின்சாரம் எடுப்பது பெரிய ரேடியோவுக்கு உதவாது. பாட்டரியிலிருந்தே நேராகக் கம்பி இழுத்து, இரு கம்பிகளிலும் பாட்டரியின் அருகே பியூஸ் வைக்க வேண்டும். ஓட்டுகிறவர் பேசலாகாது, பக்கத்தில் இருப்பவரே பேச வேண்டும். கைக்கருவியைப் பிடித்துப் பேசிக்கொண்டு வண்டி ஓட்டுவது, 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி ஆபத்தாக ஓட்டிய குற்றமாகக் கருதப்படும்.

இனி நாம் சொல்லாமல் விட்ட மறுபாதி. அந்த இரவில் நம் நண்பரின் மோட்டார் என்னவாயிற்று? கூரை வரையில் சேற்று நீரில் முழுகிக் கிடந்தது! அதில் ஐம்பது வாட் ரேடியோ பொருத்தியிருந்தால் அதுவும் முழுகியிருக்கும். மாடிக்கு ஏறியவர் மனிதர். அவரோடு மாடி ஏறக்கூடியது கையில் உள்ள சிறு கருவி ஒன்றே. மாடியின் உயரமும் திறந்த வெளியும் அதற்கு அநுகூலம்.

எடுத்துச் செல்லக்கூடிய ரேடியோவின் பெருமையை நம் தேச சரித்திரமே அறியும். 1942-ம் வருஷம் ஆகஸ்டு மாதம், 22 வயது மாணவி உஷா மேத்தாவும் தோழர்களும் பம்பாயில் இரகசியக் காங்கிரஸ் ரேடியோவைத் தொடங்கினார்கள். போலீஸார் தேடத் தேட, ஒலிபரப்புக் கருவியை வீடு வீடாக மாற்றிக்கொண்டே இருந்தார்கள். நவம்பர் 12-ந் தேதி பிடிபடும் வரையில் சுதந்திரத்தின் குரல் ஓயவில்லை.

இன்று அப்படி ஒளிந்து பேச வேண்டியதில்லை. ஆனால் சட்டப்படி பேச வேண்டும். கடையில் விற்கிறது என்பதனாலேயே ஒரு ரேடியோவை வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்துவிடாது. முறையற்ற வாக்கி-டாக்கி விற்பனையைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025-ல் தனி விதிமுறைகளே வெளியிட்டிருக்கிறது. சாமானியர் லைசென்ஸ் இன்றி உபயோகிக்கத்தக்கவற்றில், 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையில் இயங்கும் குறைந்த சக்திக் கைக்கருவிகள் முக்கியமானவை. அவையும் அரசாங்கத்தின் ஒப்புதல் பெற்றவையாய் இருக்க வேண்டும். முன்னும் பின்னுமாகச் செல்லும் இரண்டு வண்டிகளுக்கு இவை போதும். முடிச்சூரிலிருந்து குரோம்பேட்டைக்குப் போதா.

அதற்கு மேல் விரும்புவோர் 'ஹாம்' எனப்படும் அமெச்சூர் ரேடியோப் பரீட்சை எழுத வேண்டும். பன்னிரண்டு வயது நிரம்பிய குழந்தைகளும் எழுதலாம். தேறியவருக்கு மத்திய சர்க்கார் லைசென்ஸும் தனி அழைப்புப் பெயரும் அளிக்கும். வியாபாரத்துக்கு இதை உபயோகிக்கலாகாது. பேசுகிறவர், பதில் சொல்கிறவர் இருவருக்குமே லைசென்ஸ் வேண்டும். ஆகையால் கணவர் மட்டும் தேறிப் பயனில்லை; வீட்டில் இருப்பவரும் தேற வேண்டும். இது வெறும் பொழுதுபோக்கென்று எண்ண வேண்டாம். 2004-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி சுனாமி அந்தமானைத் தாக்கியபோது, அமெச்சூர் ஒலிபரப்புக்காகப் போர்ட் பிளேர் சென்றிருந்த பாரதி பிரசாத் என்ற பெண்மணியே தம் ரேடியோவின் மூலம் தீவுகளின் சேதியை வெளியுலகுக்குச் சேர்ப்பித்தார்.

அப்படியானால் எதை வாங்குவது? வண்டியை விட்டு இறங்காமலே நெடும் பிரயாணம் செய்கிறவர்களுக்குப் பொருத்தும் ரேடியோ உகந்தது. வண்டியை விட்டு இறங்க நேரும் ஆபத்துக்குக் கைக்கருவியே உகந்தது. இரண்டும் வாங்க வசதியில்லாத நம் போன்ற குடும்பங்களுக்கு ஒரு நடுவழி உண்டு. லைசென்ஸ் பெற்ற பின் ஐந்து வாட் கைக்கருவி ஒன்றும், காந்தத்தினால் கூரையில் ஒட்டி நிற்கும் ஏரியல் ஒன்றும் வாங்கிக்கொள்ளலாம். ஓடும்போது ஏரியலை அதனுடன் இணைத்துப் பேசலாம்; இறங்கும்போது கழற்றிவிட்டுக் கருவியைக் கையோடு எடுத்துச் செல்லலாம்.

நம் நண்பர் அப்படியே செய்திருக்கிறார். முதலில் பரீட்சையில் தேறியது அவரல்ல. இரண்டு இரவுகள் வாசற்படியில் விழித்திருந்த அந்தப் பெண்தான்!

1949-ல் ஸ்ரீ சி. ராஜம் நிறுவிய தொழில் நுட்பக் கல்லூரி நம் குரோம்பேட்டையிலேயே இருக்கிறது. அதைத் தன்னகத்தே கொண்ட அண்ணா பல்கலைக்கழகம் உருவாக்கிய 'அனுசாட்' என்ற 40 கிலோ துணைக்கோள், செய்திகளை வாங்கிச் சேமித்துத் திருப்பி அனுப்பும் கருவியுடன் 2009-ம் வருஷம் ஏப்ரல் 20-ந் தேதி விண்ணேறியது. ஆகாயத்துக்கே ரேடியோவை அனுப்பிய ஊரார், அடுத்த மழைக்குள் பக்கத்து ஊர் மாடிக்கு ஒரு சொல் அனுப்பக் கற்றுக்கொள்ளக் கூடாதா?