ஏரி மீனும் இரும்புக் கல்லும்

தாம்பரத்துக்கு மேற்கே, வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில் அமைந்த படப்பையும் அதன் சுற்றுப்புறமும் ஏரிகள் மலிந்த பிரதேசமாதலால், கடற்கரையிலிருந்து வரும் வஞ்சிரத்தோடும் சங்கராவோடும் ஏரிக் கெண்டையும் ஜிலேபியும் விராலும் அங்கே சமையலுக்கு வருவதுண்டு. எனினும், ஏரி மீன் என்றாலே சேற்று வாடை என்று முகம் சுளிப்பவர்களும் இல்லாமல் இல்லை. அவர்களுடைய குறை நியாயமானதே; ஆனால் அதற்குப் பரிகாரம் நம் அடுப்படியிலேயே இருக்கிறது, காரணத்தைச் சொல்வதற்குத்தான் ரசாயன சாஸ்திரம் வேண்டும்.

அந்த வாடையை உண்டாக்குவது சேறு அன்று. நீரிலும் அடிமண்ணிலும் வாழும் நீலப்பச்சைப் பாசிகளும் வேறு சில நுண்ணுயிர்களும் வெளியிடும் ஜியோஸ்மின் என்னும் பொருள், செவுள் வழியாகப் புகுந்து மீனின் கொழுப்பில் தங்கிவிடுகிறது. கோடை மழையின் முதல் துளிகள் விழுந்ததும் நாம் ஆனந்தமாக முகரும் மண்வாசனையிலும் இதே பொருளுக்குப் பெரும் பங்கு உண்டு. லட்சம் கோடிப் பங்கு நீரில் பத்துப் பங்கு கலந்திருந்தாலே நம் மூக்கு அதைக் கண்டுகொள்ளும். ஆனால் அமிலம் பட்டால் இது சிதைந்துவிடும். ஆதலால் துண்டங்களில் எலுமிச்சைச் சாறோ புளிக்கரைசலோ தடவி ஊறவைப்பது ருசிக்காக மட்டும் ஏற்பட்ட வழக்கமன்று. கடல் மீனின் கவிச்சிக்குக் காரணமான டிரைமெத்திலமீனும் அமிலத்தோடு சேர்ந்து ஆவியாகாத உப்பாகி, மூக்குக்கு எட்டாமற் போகிறது.

இனி வறுவல். மீனின் மேற்புறம் பொன்னிறம் பெறுவது, புரதத்தின் கூறுகளும் சர்க்கரைகளும் உஷ்ணத்தில் இணைந்து பலநூறு மணப்பொருள்களைப் பிறப்பிக்கும் ஒரு வினையால். 1912-இல் இதைப் பற்றி எழுதிய பிரெஞ்சு விஞ்ஞானி லூயி கமில் மயாரின் பெயரே இதற்கு நிலைத்தது, இதன் படிகளை ஒழுங்காக வகுத்துக் காட்டியவர் 1953-இல் அமெரிக்கரான ஜான் ஹாட்ஜ். இவ்வினை துரிதமாக நிகழ ஏறத்தாழ 140 டிகிரி செல்சியஸ் உஷ்ணம் வேண்டும். நீரோ 100 டிகிரியில் ஆவியாவதால், மேற்புறத்தில் ஈரம் உள்ளவரை கல் எவ்வளவு காய்ந்திருந்தாலும் மீன் அந்த வரம்பைத் தாண்டாது. ஈரத் துண்டத்தைக் கல்லில் இட்டால் அது வேகுமேயன்றி வறுபடாது.

மீன் கல்லில் ஒட்டிக்கொள்வதற்கும் காரணம் இருக்கிறது. பச்சைப் புரதம் சூடான இரும்பைப் பற்றிக்கொள்ளும் சுபாவமுடையது. அடிப்புறம் காய்ந்து மொறுமொறுப்பான மேலோடாக மாறியதும் அந்தப் பிடி தானே தளர்ந்துவிடும். நாள்பட எண்ணெய் உண்டு பழகிய கல்லில், எண்ணெயே உஷ்ணத்தால் இறுகிப் படலமாகி, புரதத்துக்கும் இரும்புக்கும் நடுவே நிற்கிறது. மீனின் தசையடுக்குகளைப் பிணைக்கும் சவ்வு ஆட்டிறைச்சியில் உள்ளதைக் காட்டிலும் மிகக் குறைவு, அதுவும் 50, 60 டிகிரியிலேயே இளகிவிடும். எனவேதான் மீன் விரைவில் வேகிறது, அவசரக் கரண்டிக்கு உடைந்தும் போகிறது. 60 டிகிரியைக் கடந்து வெகுநேரம் கிடந்தால் தசை சுருங்கி, உள்ளிருக்கும் சாற்றை வெளியேற்றிச் சக்கையாகும். மேற்புற நீரைப் போக்கி உட்புற நீரைக் காப்பதே வறுவலின் ரகசியம்.

பக்கத்து அடுப்பில் நடப்பது இதற்கு நேர் எதிரானது: அரிசியின் மாவுச்சத்து 70 டிகிரியை ஒட்டி நீரை உறிஞ்சிப் பருத்துச் சோறாகிறது. அவரைக்காய்ப் பொரியலிலோ, காயிலிருந்து கிளம்பும் அமிலங்கள் பச்சையத்திலுள்ள மெக்னீசியத்தை விலக்கி நிறத்தை மங்கச் செய்வதால், மூடியைத் திறந்துவைத்துச் சீக்கிரம் வேகவைப்பதே உசிதம்.

ஆகவே, ஏரி மீனைப் பழிக்குமுன் வாசகர்கள் இவற்றைச் செய்து பார்க்கலாம்: புளிப்புச் சேர்த்து ஊறவையுங்கள், ஈரம் வடியவிட்டு, கல் நன்றாகக் காய்ந்தபின் இடுங்கள், துண்டம் தானே கல்லைவிட்டுப் பெயரும்வரை கரண்டியைத் தொடாதீர்கள்.