வால் நக்ஷத்திரத்தின் மார்க்க நிர்ணயம்

ஒரு வால் நக்ஷத்திரத்தை மூன்று இரவுகளில் மூன்று ஸ்தானங்களில் அளந்துவிட்டால் அதன் மார்க்கத்தைக் கணித்துவிடலாம் என்பர். 1797-ல் ஜெர்மானிய வைத்தியரான ஓல்பர்ஸ் இதற்குச் சுலபமான முறையொன்றை வெளியிட்டார். ஆயினும் அம்முறை ஓர் ஊகத்தின்மேல் நிற்பது. அது செல்வது பரவளையம் என்று முதலிலேயே வைத்துக்கொள்கிறது. பரவளையத்தில் செல்வது திரும்பி வாராது; நீள்வட்டத்தில் செல்வது என்றேனும் மீளும். சூரியனுக்கருகில் இவ்விரு கோடுகளும் ஏறக்குறைய ஒன்றாகவே கிடப்பதால், சில வாரங்கள் மட்டும் பார்த்தவருக்கு வேற்றுமை புலப்படாது. ஹாலி 1705-ல் 24 வால் நக்ஷத்திரங்களுக்கும் பரவளையமே வகுத்தார். 1531, 1607, 1682 ஆகிய ஆண்டுகளில் வந்தவற்றின் மார்க்கங்கள் ஒத்திருந்ததைக் கொண்டே மூன்றும் ஒன்றெனத் துணிந்தார்.

லக்ஷக்கணக்கான ஆண்டுகளுக்கொருமுறை வருவதற்கு அத்தகைய சாட்சி ஏது? 2021-ல் வெளியான பெர்னார்டினெல்லி-பெர்ன்ஸ்டைன் வால் நக்ஷத்திரம் இதற்கு நல்ல உதாரணம். சிலி தேசத்து ஸெர்ரோ டொலோலோ மலையிலுள்ள நான்கு மீட்டர் தூரதர்சினியால், வேறொரு ஆராய்ச்சிக்காகப் பிடித்த படங்களில் அது அகப்பட்டது. 2014-ல் எடுத்த படத்தில் அது சூரியனிலிருந்து பூமியின் தூரத்தைப்போல் சுமார் 29 மடங்குக்கு அப்பால், நெப்டியூன் கிரகத்தின் எல்லைக்கருகே இருந்தது. அவ்வளவு தொலைவில் அது நகர்வதாய்த் தோன்றுவதிற் பெரும்பகுதி பூமியின் ஓட்டமே. ரயிலில் செல்வோனுக்குத் தூரத்து மரம் நகர்வதைப் போல. அதன் சொந்தச் சலனத்தைப் பிரித்தறிய நாட்கள் போதா, ஆண்டுகள் வேண்டும். 2018 வரையிலான படங்கள் அதற்குதவின. பின்னர், 2010-ல் மற்றொரு தூரதர்சினி எடுத்து வைத்திருந்த படமும் கிடைத்தது. அப்போது தூரம் சுமார் 34 மடங்கு.

வாய்ச்சாட்சி நூறு தடுமாறும். வழக்கெழுமுன்னரே எழுதப்பட்ட பத்திரம் தடுமாறாது. நியாயஸ்தலத்தில் நாம் கண்ட இவ்வுண்மை ஆகாயத்திற்கும் பொருந்துகிறது. சென்னையில் பிறந்த வைணு பாப்பு, ஹார்வர்டில் மாணாக்கராயிருந்த 1949-ல், ஒரு புகைப்படத் தட்டிலேயே புதிய வால் நக்ஷத்திரத்தைக் கண்டார். கோடைக்கானலில் 1904 முதல் எடுத்த சூரியப் படங்களைப் பேணி வந்திருக்கிறார்கள். இரவு வானத்தைப் பிடித்த தட்டு ஒவ்வொன்றுக்கும் அதே காவல் உரியதென்போம். எந்தத் தட்டில் யாருடைய விலாசம் பதிந்திருக்கிறதோ, யாரறிவார்!

ஸ்தானங்கள் கிடைத்த பின்னும் கணக்கிலே ஒரு பொறி உண்டு. பரவளையத்தின் நீட்சி அளவு சரியாக ஒன்று. இதனுடையது அதற்கு மயிரிழை குறைவு. அந்த மயிரிழையிலேயே காலமெல்லாம் அடங்கியிருக்கிறது. சூரியனை மட்டும் மையமாக வைத்தால் வியாழன் முதலிய கிரகங்களின் இழுப்பால் இந்த எண் ஆண்டுக்கு ஆண்டு மாறும். சிலவற்றுக்கு ஒன்றையும் தாண்டிவிடும். ஒரே வால் நக்ஷத்திரம் இன்று நம் சூரிய குடும்பத்தது, நாளை அந்நியம் என்றாகிவிடும்! ஆகவே சூரியனையும் கிரகங்களையும் சேர்த்த பொது மையத்தைக் கொண்டு, அது கிரகங்களுக்கு வெகுதூரத்தில் இருந்த காலம்வரை பின்னோக்கிக் கணிக்கிறார்கள். அப்படிக் கணித்ததில் அது புறப்பட்ட எல்லை பூமியின் தூரத்தைப்போல் சுமார் 40,000 மடங்கு. ஒரு சுற்றுக்குச் சற்றேறக்குறைய 30 லக்ஷம் ஆண்டுகள். கிரகங்களின் இழுப்பால் திரும்பிப் போகும் பாதை இன்னும் நீண்டுவிடும்.

2031 ஜனவரியில் அது சூரியனை நெருங்கும். நெருங்குவதென்றாலும் சனியின் பாதைக்குச் சற்று வெளியேதான். அதன் கரு சுமார் 120 கிலோமீட்டர் அகலமாயினும் வெறுங்கண்ணுக்குத் தெரியாது.