டாப் ஸ்டேஷனை ஒரு சார்ட் சைஸ் பலகையில் ஓட்டலாம்

மாடல் ட்ரெயின்னு சொன்னதும் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி "எவ்வளவு ஆகும்?" என்பதுதான். அதுக்கு முன்னாடி இன்னொரு கேள்வி இருக்கு: எந்த லைனை மாடல் பண்ணப் போறீங்க? எவ்வளவு இடம் வேணும், எந்த என்ஜின் வாங்கணும், பாக்கெட்ல எவ்வளவு ஓட்டை விழும், எல்லாமே இந்தப் பதிலைப் பொறுத்துதான்.

போடிக்காரங்களுக்கு முதல்ல தோணுறது மதுரை–போடி லைன். 1928-ல வந்த மீட்டர் கேஜ், சுமார் 90 கி.மீ. 2010 கடைசியோட அதுல ஓட்டம் நின்னுது. அகலப் பாதையா மாறி, தேனி வரை 2022 மே மாசமும் போடி வரை 2023 ஜூன்லயும் ரயில் திரும்ப வந்துச்சு. பாசம் இருக்கு, ஆனா புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு இது சரிப்படாது. 1:87 அளவுக்குச் சுருக்கினாலும் 90 கி.மீ. லைன் ஒரு கிலோமீட்டருக்கு மேல வரும். ஒரே ஒரு ஸ்டேஷன் போதும்னு வச்சுக்கிட்டாலும் கேஜ் உதைக்குது. அகலப் பாதையின் 1676 மி.மீ.-ஐ 87-ஆல வகுத்தா 19 மி.மீ.க்கு மேல வருது. ஆனா ஹெச்ஓ தண்டவாளம் 16.5 மி.மீ.தான், ஏன்னா அது வெளிநாட்டு 1435 மி.மீ. பாதைக்காக வந்தது. இந்திய ரயில் மாடல் பண்றவங்க பெரும்பாலும் அதிலேயே ஓட்டிச் சமாளிக்கிறாங்க. பழைய மீட்டர் கேஜுக்கு 12 மி.மீ. தண்டவாளம் தேடணும், அது இன்னும் கஷ்டம்.

அதனால என் ஓட்டு மலை மேல இருந்த லைனுக்கு. குரங்கணியிலிருந்து நிமிர்ந்து பார்த்தா தெரியுற மலை உச்சியில இருக்கிறது டாப் ஸ்டேஷன். அந்தப் பேர்ல இருக்கிற 'ஸ்டேஷன்' சும்மா வந்தது இல்ல. மூணாறிலிருந்து அங்கே தேயிலை கொண்டு வர 1902-ல ஒரு மோனோரயில் போட்டாங்க. சின்ன சக்கரம் ஒத்தைத் தண்டவாளத்து மேல, சாயாம இருக்க ஒரு பெரிய சக்கரம் ரோட்டு மேல, இழுக்கிறது மாடு! 1908-ல அதை எடுத்துட்டு இரண்டடி அகல நேரோ கேஜ் போட்டாங்க. அதுதான் குண்டளை வேலி ரயில்வே. தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷன்ல இறங்கி, ரோப்வேயில ஏறி, குரங்கணிக்குப் பக்கத்துல இருக்கிற கொட்டகுடிக்கு வரும். அந்த இடத்துக்குப் பேரே பாட்டம் ஸ்டேஷன். அங்கிருந்து வண்டியில போடி. 1924 பெருவெள்ளம், கேரளாவில் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்'னு சொல்றாங்களே, அது இந்த லைனை அடிச்சுட்டுப் போயிடுச்சு. போடிக்கு ரயில் வந்தது அதுக்கு நாலு வருஷம் கழிச்சு. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பார்த்ததே இல்ல.

இப்போ கணக்குக்கு வருவோம். இரண்டடி என்பது 610 மி.மீ. அதை 76-ஆல வகுத்தா 8 மி.மீ. உலகம் முழுக்கக் கிடைக்கிற 'என்' கேஜ் தண்டவாளம் 9 மி.மீ. ஒரு மி.மீ. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. நேரோ கேஜ் மாடல்காரங்க இதுக்கு ஓஓ-9ன்னு பேர் வச்சிருக்காங்க. சூட்சுமம் என்னன்னா, 1:160 அளவுல வர்ற சின்ன என் கேஜ் என்ஜினோட அடிச்சட்டத்தை எடுத்து, அது மேல 1:76 அளவுல பெரிய பாடி ஒண்ணை மாட்டுறது. அடிச்சட்டம் அதேதான், பாடி மாறினதும் அது நேரோ கேஜ் என்ஜின் ஆயிடும். வளைவும் இறுக்கமா போடலாம்: 228 மி.மீ. ஆரம், அதாவது வட்டம் அரை மீட்டருக்குள்ளே. நம்ம ஏ1 சார்ட் 841-க்கு 594 மி.மீ. அந்த அளவு பலகையில ஒரு முழுச் சுற்றும், டாப் ஸ்டேஷனுக்கு ஒரு கிளைப் பாதையும் வந்துடும். ஹாஸ்டல் கட்டிலுக்கு அடியில தள்ளி வச்சுக்கலாம்.

பாடி எப்படியும் நாமதான் அட்டையிலோ 3டி பிரிண்ட்லயோ பண்ணப் போறோம். அப்போ பளபளன்னு புது என்ஜின் எதுக்கு? பாடி உடைஞ்ச, "ஓடல"ன்னு சொல்லி விக்கிற பழைய என் கேஜ் என்ஜின் போதும். நீளம் குறைஞ்ச ஷண்டர் வகைன்னா இன்னும் நல்லது. ஓடாத பழைய என்ஜின்கள்ல நிறையவற்றுக்கு மோட்டார் செத்திருக்காது, அழுக்குதான் பிரச்சனை. ஆனா வாங்குறதுக்கு முன்னாடி அடிச்சட்டத்தை நல்ல வெளிச்சத்துல பாருங்க. பழைய துத்தநாகக் கலவை வார்ப்புல ஈயம் கலந்திருந்தா, வருஷக்கணக்குல அது உள்ளுக்குள்ளேயே உப்பி, விரிசல் விட்டு, பிஸ்கட் மாதிரி உதிரும். அதுக்கு மருந்து இல்ல. எவ்வளவு சீப்பா கொடுத்தாலும் வேண்டாம்.

வாங்கின பிறகு வெளியிலிருந்து உள்ளே போகணும். எடுத்ததும் மோட்டாரைப் பிரிக்கிறது நம்ம பசங்களுக்கு ஒரு வியாதி. முதல்ல தண்டவாளத்தையும் சக்கரத்தையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைச்ச துணியால துடைங்க. உப்புத்தாள் போடாதீங்க, அந்தக் கீறல்ல அழுக்கு இன்னும் வேகமா சேரும். அடுத்து மல்டிமீட்டரை எடுத்து, சக்கரத்துலேருந்து மோட்டார் பிரஷ் வரைக்கும் கன்டினியூட்டி பாருங்க. சக்கரத்துக்குப் பின்னாடி உரசுற செம்புத் தகடு வளைஞ்சு விலகியிருந்தா வண்டி அசையாது. மெல்ல வளைச்சு விட்டா போதும்.

கரண்ட் போயும் ஓடலைன்னா, மோட்டாரைத் தனியா எடுத்து 9 வோல்ட் பேட்டரியில தொட்டுப் பாருங்க. இது ஓடி, வண்டி ஓடலைன்னா குற்றவாளி கியர்ல இறுகிப்போன பழைய கிரீஸ். அதைச் சுத்தமா கழுவி, காயவிட்டு, பிளாஸ்டிக்குக்கு ஒத்துக்கிற கிரீஸ் கொஞ்சமா தடவுங்க. ஷாஃப்ட் முனைக்கு ஊசி நுனியில எடுத்த ஆயில் ஒரு சொட்டு. அதுக்கு மேல விட்டா ஆயில் காமுடேட்டருக்குப் போய் கார்பன் தூளோட கலந்து சேறாயிடும். தேங்காய் எண்ணெய் பக்கமே போகாதீங்க, போடி குளிருக்கே அது உறையும்!

மோட்டாரே சுத்தலைன்னா, இரண்டாம் வருஷ மெஷின்ஸ் லேப் இப்போ உதவும். காமுடேட்டர்ல பொதுவா மூணு துண்டு இருக்கும். இடையில இருக்கிற சந்துல கார்பன் தூள் அடைச்சு ஷார்ட் ஆகியிருக்கலாம், பல்குச்சியால சுரண்டி எடுங்க. அப்புறம் துண்டு ரெண்டு ரெண்டா மின்தடை அளந்து பாருங்க. மூணு அளவும் கிட்டத்தட்ட ஒண்ணா இருந்தா வைண்டிங் நல்லா இருக்கு. ஒண்ணு மட்டும் விலகினா வைண்டிங் போச்சு, அந்த நேரத்துலதான் புது மோட்டார் பத்தி யோசிக்கணும். ஒரு எச்சரிக்கை: திறந்த அமைப்புள்ள பழைய பெரிய மோட்டார்கள்ல (டிரையாங் மாதிரி) காந்தத்தைக் கழட்டினா சக்தி குறையும். அதைத் தொடாமலே சுத்தம் பண்ணுங்க.

உயிர் வந்ததும் ரெண்டு திசையிலும் அரைமணி நேரம் மிதமான வேகத்துல ஓட விடுங்க. லேப் பவர் சப்ளையில 12 வோல்ட் டிசி, கரண்ட் லிமிட் வச்சு. எதையும் இழுக்காம தனியா ஓடுறப்பவே அரை ஆம்பியரைத் தாண்டினா நிறுத்திட்டு மறுபடி திறந்து பாருங்க, எங்கேயோ இறுக்கம் இருக்கு. பின்னாடி ஆர்டுயினோவும் எல்298 டிரைவரும் வச்சு வேகக் கட்டுப்பாடு பண்ணிக்கலாம், அந்த டிரைவர் ரெண்டு வோல்ட் சாப்பிடும்னு கணக்குல வச்சுக்கோங்க.

மலைக்கு தெர்மாகோல், மண்ணுக்கு டீக்கடையில போடுற காஞ்ச டீத்தூள் சக்கை, தேயிலைச் செடிக்குப் பாத்திரம் தேய்க்கிற பச்சை ஸ்கிரப்பை நறுக்கி ஒட்டினா போதும். ரோப்வேக்கு ரோபோட்டிக்ஸ் கிளப்புல தூங்குற பிஓ மோட்டார் ஒண்ணும் தூண்டில் நரம்பும். பலகையோட விளிம்புக்கு வெளியே, மேஜைக்குக் கீழே ஒரு ஸ்டூல் போட்டு, அதைப் பாட்டம் ஸ்டேஷன் ஆக்கிடலாம். நேர்ல பார்த்து அளவு எடுக்க ஆசைன்னா மூணாறு வழியா டாப் ஸ்டேஷனுக்கு ரோட்டுலயே போகலாம். குரங்கணியிலிருந்து காட்டு வழியா ஏறணும்னா மட்டும் வனத்துறை அனுமதி இல்லாம வேண்டாம். 2018 மார்ச் தீ நமக்கெல்லாம் ஞாபகம் இருக்கு.