ஆயுளுக்கும் ஒரே அடுப்பு!
திருவண்ணாமலை சொல்லித் தரும் சாப்பாட்டுக் கணக்கு

பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலம் முடித்து வருகிறவர்களுக்குக் கால் வலியை முந்திக்கொண்டு பசி வந்துவிடும். போளூர், செங்கம், தண்டராம்பட்டு, கலசபாக்கம் பக்கமிருந்து வருகிற குடும்பங்கள் அந்த நேரத்தில் புதுக்கடை தேடி அலைவதில்லை. 'நம்ம கடை' என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கடை உண்டு. ஒருவருக்குப் பேருந்து நிலையத்துப் பக்கம், இன்னொருவருக்குத் தேரடித் தெரு. மல்லாட்டை மூட்டையை விற்பனைக்கூடத்தில் இறக்கிவிட்டு அப்பா கூட்டிப்போன கடைக்கே மகனும் போவார்.

இனி ஆயுள் முழுக்க ஒரே ஓட்டலில்தான் சாப்பிட வேண்டும் என்று சொன்னால் எதைத் தேர்ந்தெடுப்பது? விளையாட்டுக் கேள்விதான். ஆனால் யோசித்தால் பலருக்கும் பதில் மாறிவிடும். பிரியாணிக் கடையைச் சொல்ல வந்தவர், தினமும் மூன்று வேளையும் அதுவா என்று தயங்குவார். திருவிழாச் சாப்பாடு வேறு, தினச் சாப்பாடு வேறு. சலிக்காமல், வயிற்றைக் கெடுக்காமல், நம்பிச் சாப்பிடக்கூடிய அடுப்பு எது என்பதுதான் உள்ளே இருக்கும் கேள்வி. இதை வாழ்ந்தே காட்டிய இரண்டு பேர் திருவண்ணாமலையில் இருந்தார்கள். ஒருவர் ரமண மகரிஷி. இன்னொருவர், அவருக்குச் சோறு சுமந்த எச்சம்மாள்.

38 ஆண்டுகள் தப்பாத சோறு

திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன் என்ற 16 வயதுப் பையன் 1896-ம் ஆண்டு செப்டம்பர் 1-ம் தேதி திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்தார். 1950 ஏப்ரல் 14-ல் மறையும் வரை, 53 ஆண்டுகளுக்கு மேல், இந்த ஊரை விட்டு அவர் வெளியே போகவே இல்லை. ஆரம்பத்தில் அவருக்கென்று அடுப்பு கிடையாது. தெருவில் ஒரு வீட்டு வாசலில் நின்று கையைத் தட்டுவார். கையில் விழுவதை அங்கேயே நின்று சாப்பிட்டுவிட்டு நடந்துவிடுவார்.

பிறகு மலைமேல் விரூபாட்ச குகையில் தங்கினார். அவரைத் தேடி அங்கே வந்தவர்தான் எச்சம்மாள். இயற்பெயர் லட்சுமி அம்மாள். போளூர் வட்டாரத்து மண்டகொளத்தூர்க்காரர். 25 வயதுக்குள் கணவர், மகன், மகள் மூவரையும் அடுத்தடுத்து இழந்தவர். 1907 வாக்கில் குகைக்கு வந்து, ஒரு வார்த்தை பேசாமல் அவர் முன்னால் நெடுநேரம் நின்றார். இறங்கும்போது மனசில் இருந்த பாரம் குறைந்திருந்தது என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

அன்று தொடங்கி, திருவண்ணாமலையிலேயே வீடெடுத்துத் தங்கி, தினமும் சமைத்துத் தூக்குப் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு மலையேறினார். அவருக்குக் கொடுக்காமல் தான் சாப்பிடுவதில்லை என்பது வைராக்கியம். மழை, வெயில், உடம்புக்கு முடியாத நாள் எதுவும் கணக்கில்லை. 1945-ல் இறக்கும் வரை, 38 ஆண்டுகள். பறிகொடுத்த பிள்ளைகளுக்குப் போட வேண்டிய சோற்றை அவர் இந்த மலையில் போட்டார்.

எச்சம்மாள் மட்டும் இல்லை. கீரைப்பாட்டி என்ற ஒரு கிழவி மலைச்சரிவில் முளைக்கும் கீரையைப் பறித்து, கடைந்து கொடுப்பார். முதலியார் பாட்டி என்று அழைக்கப்பட்ட அம்மாளும் பல ஆண்டுகள் சோறு கொண்டு வந்தார்.

ஆசிரமத்தில் பெரிய சமையற்கூடம் வந்த பிறகு, வெளியிலிருந்து உணவு வேண்டாம் என்று ஒருமுறை தடுத்ததாக அடியவர்களின் நினைவுக் குறிப்புகளில் இருக்கிறது. அன்று சாப்பாட்டு மணி அடித்தும் ரமணர் எழுந்திருக்கவில்லை. காரணம் புரிந்து, கோபித்துக்கொண்டு போனவரைத் தேடிப்போய்க் கூட்டி வந்த பிறகுதான் பந்தி நடந்தது. தேடி வந்து போட்ட கையை, வசதி வந்ததும் தள்ள அவருக்கு மனம் வரவில்லை.

உப்புக் கேட்காத கஞ்சி

குகைக் காலத்தில் உடன் இருந்தவர்கள் ஊருக்குள் பிச்சை எடுத்து வருவார்கள். கிடைத்தது குறைவாக இருந்தால் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, வெந்நீர் ஊற்றிக் கஞ்சியாக்கி, எல்லோரும் சமமாகக் குடிப்பார்கள். பல நாள் அதில் உப்பும் இருக்காது. உப்பு வேண்டும் என்று கேட்டால் அடுத்துப் பருப்பு கேட்கத் தோன்றும், பருப்பு வந்தால் பாயசம் கேட்கத் தோன்றும், அதனால் கேட்கவே இல்லை என்று ரமணர் பின்னாளில் சிரித்துக்கொண்டே சொல்வாராம்.

1916-ல் அவருடைய தாயார் அழகம்மாள் வந்து சேர்ந்து, கந்தாசிரமத்தில் அடுப்பு மூட்டினார். 1922 மே 19-ல் அவர் மறைந்தார். மலையடிவாரத்தில் அவர் சமாதியைச் சுற்றி வளர்ந்ததுதான் இன்றைய ரமணாசிரமம்.

காம்பும் வீணில்லை

ஆசிரமம் வளர்ந்த பிறகும் ரமணர் அதிகாலையிலேயே எழுந்து சமையற்கட்டுக்கு வந்துவிடுவார். காய் நறுக்குவார், அரைப்பார், இலை தைப்பார். அங்கே சமைத்தவர்களில் பலர் கணவரை இழந்து, ஆதரவு தேடி வந்த பெண்கள். எந்தக் காயை எவ்வளவு வேக விட வேண்டும் என்று அவர்களுக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தார்.

அந்தச் சமையற்கட்டின் முதல் சட்டம், எதுவும் வீணாகக் கூடாது. தரையில் சிந்திய அரிசியை, கடுகைக்கூடப் பொறுக்கி எடுப்பார். கீரையின் இலை குழம்புக்குப் போனால் தண்டு தனியாக வேகும். கத்திரிக்காய்க் காம்பைக் குப்பையில் போடாமல் வேக வைக்கச் சொன்ன கதையும் உண்டு. அது லேசில் வேகாமல் பல மணி நேரம் அடுப்பில் கிடக்க, வெந்துவிட்டதா என்று அவரே வந்து வந்து பார்த்தாராம். அடியவர்கள் கொண்டு வரும் காய்கள் சிறிதும் பெரிதுமாகப் பல வகையாக இருந்தால், எல்லாம் ஒரே கூட்டாகிவிடும். கொண்டு வந்த எவருடைய காயும் ஒதுக்கப்படாது.

இரண்டாவது சட்டம், தனக்கென்று தனியாக எதுவும் இல்லை. பந்தியில் மற்றவர்களுக்கு விழுந்ததைவிடத் தன் இலையில் ஒரு கரண்டி கூடுதலாக விழுந்தால் கடிந்துகொள்வார். அந்தக் காலத்து வழக்கப்படி சாப்பாட்டுக் கூடத்தில் சாதித் தடுப்பு இருந்தது உண்மை. ஆனால் தடுப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே அடுப்பில் வெந்த ஒரே சோறுதான். வாசலில் நிற்கும் ஏழைகளுக்கும் சாதுக்களுக்கும் முதலில் போட்டுவிட்டு, அதன் பிறகே உள்ளே பந்தி. முற்பகலில் வாசலில் நடக்கும் அந்த அன்னமிடல் இன்றும் தொடர்கிறது.

மாட்டுக்கும் அந்த வீட்டில் பங்கு இருந்தது. 1926-ல் கன்றாக வந்த லட்சுமி என்ற பசு, 22 ஆண்டுகள் வாழ்ந்து 1948 ஜூன் 18-ல் இறந்தது. ஆசிரமத்துக்குள்ளேயே சமாதி கட்டியிருக்கிறார்கள். பால் கறக்கும் வரை வைத்திருந்து அப்புறம் சந்தைக்கு ஓட்டிவிடுகிற கணக்கு அங்கே இல்லை.

போடுகிறவரும் அதையே சாப்பிடுகிறாரா?

ஒருவர் ஆயுள் முழுக்க நம்பிச் சாப்பிடக்கூடிய அடுப்புக்கு என்ன அடையாளம் என்ற கேள்விக்கு இங்கே பதில் இருக்கிறது. ருசி அதில் ஒரு பங்குதான். சமைக்கிறவர், பரிமாறுகிறவர், சாப்பிடுகிறவர் எல்லோருக்கும் ஒரே பானை. அதுதான் அடையாளம்.

வள்ளலார் 1867 மே 23-ல் வடலூரில் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது. அதற்கு இடம் கொடுத்தவர்கள் பார்வதிபுரத்து மக்கள், சுமார் 80 காணி. விவசாயிகளின் நெல்லும் காய்கறியும் இன்றும் அங்கே போகின்றன. தமிழ்நாட்டுக் கோயில்களில் 2002-ல் தொடங்கிய அன்னதானத் திட்டத்தில் அண்ணாமலையார் கோயிலிலும் பந்தி நடக்கிறது. அங்கேயும் பணக்காரர், ஏழை என்று பானை மாறுவதில்லை.

டவுனில் ஓட்டல் தேர்ந்தெடுக்கிறபோதும் இந்த ஒரு கேள்வி போதும். கல்லாவில் இருக்கிற முதலாளியும், மேசை துடைக்கிற பையனும் மதியம் அந்தக் கடைச் சோற்றைத்தான் சாப்பிடுகிறார்களா? அவர்களுக்கு வீட்டிலிருந்து தனி கேரியர் வருகிறது என்றால் கொஞ்சம் யோசிக்கலாம்.

அதே கேள்வி நம் வயலுக்கும்

ஓட்டல்காரரிடம் கேட்பதை நம்மிடமும் கேட்க வேண்டியிருக்கிறது. அந்த ஓட்டலின் சாம்பாரில் கிடக்கும் கத்திரிக்காய் யாரோ ஒரு விவசாயியின் வயலில் விளைந்ததுதான். பல ஊர்களில் ஒரு வழக்கம் இருக்கிறது. சந்தைக்குப் போகும் காய் பெரிய வயலில், வாரா வாரம் மருந்தோடு. வீட்டுக்கு வேண்டியது கிணற்றடியில், நாலு பாத்தியில், மருந்தே இல்லாமல். 'இது வீட்டுக்கு, அதில் கை வைக்காதே' என்று பிள்ளைகளுக்கு எச்சரிக்கை வேறு. கேரியரில் தனிச் சோறு வரவழைக்கும் ஓட்டல் முதலாளிக்கும் இதற்கும் அதிக தூரம் இல்லை.

இதில் விவசாயியை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. புழு துளைத்த காயை வியாபாரி ஒதுக்குகிறார், விலை பாதியாகிறது, வாங்கிய கடன் நிற்கிறது. எல்லோராலும் ஒரே நாளில் மருந்தை நிறுத்திவிட முடியாது. ஆனால் மருந்தடித்த மறுநாளே பறிப்பதை நிறுத்த முடியும். மருந்தடித்து எத்தனை நாள் கழித்துப் பறிக்க வேண்டும் என்ற காத்திருப்புக் காலம் ஒவ்வொரு மருந்துக்கும், பயிருக்கும் உண்டு. மருந்தோடு வரும் துண்டுத்தாளில் அது இருக்கும். எழுத்து பொடியாக இருந்தால் கடைக்காரரையோ, வட்டார வேளாண்மை, தோட்டக்கலை அலுவலரையோ கேட்டு, காலண்டரில் பறிப்பு நாளைக் குறித்துவிடலாம்.

கீரைக்கு இது இன்னும் முக்கியம். சிறுகீரை 25 நாளில் பிடுங்குகிற பயிர். இடையில் மருந்தடித்தால் காத்திருக்க நாளே இல்லை. இலையைத்தான் நேராகச் சாப்பிடுகிறோம், உரிக்கத் தோலும் கிடையாது. வேப்பங்கொட்டைக் கரைசலோடு கீரையை நிறுத்திக்கொள்வது நல்லது.

எச்சம்மாள் கொண்டு போன பாத்திரத்தில் விசேஷமாக எதுவும் இருந்ததில்லை. அன்று அவர் வீட்டு அடுப்பில் என்ன வெந்ததோ அதுதான். தனக்கு ஒன்று, அவருக்கு ஒன்று என்று சமைக்கவில்லை. அதனால்தான் அந்தச் சோறு 38 ஆண்டுகள் சலிக்கவில்லை. வீட்டுக் கொல்லையில் விளைவதும் சந்தைக்குப் போகும் கூடையும் ஒன்றாகும் நாளில், ஊரில் எந்த ஓட்டலிலும் நாம் தைரியமாகக் கை நனைக்கலாம்.

கவனத்தில் வைக்க...

ஓட்டலில்: 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் கடையில் பார்வையில் படும்படி இருக்க வேண்டும். எண்ணெய் கறுத்து, நுரைத்து, புகைந்தால் பலமுறை காய்ந்தது என்று அர்த்தம்; அந்தக் கடையில் வடை, பூரியைத் தவிர்க்கலாம். சோறும் குழம்பும் ஆவி பறக்க வருகிறதா என்று பாருங்கள். வெதுவெதுப்பாக நெடுநேரம் கிடந்த சோறுதான் வயிற்றைக் கெடுக்கும்.

மருந்து டப்பாவில்: முக்கோண நிறம் நச்சுத்தன்மையைக் காட்டும். சிவப்பு மிகக் கடுமையான நஞ்சு, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், குறைந்தது பச்சை. பச்சை என்பதால் உடனே பறிக்கலாம் என்று பொருள் இல்லை. காத்திருக்கும் நாளைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

5% வேப்பங்கொட்டைக் கரைசல்: 10 லிட்டர் டேங்குக்கு அரை கிலோ வேப்பம்பருப்பு. இடித்துத் துணியில் கட்டி, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊற வைக்கவும். காலையில் நன்றாகப் பிழிந்து வடிகட்டி, 10 லிட்டராக்கி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் கலக்கவும். வெயில் தாழ்ந்த பிறகு தெளிக்கவும். அன்றன்றைக்குத் தயாரித்து அன்றே முடித்துவிட வேண்டும்.