ஹால் டிக்கெட்டில் பெயர் சரியா?
மும்பை பள்ளிகளில் பிரிவு உபசார விழா

தை பிறந்தால் மும்பையில் தமிழ்ப் பிள்ளைகள் படிக்கும் உயர்நிலைப் பள்ளிகளில் பிரிவு உபசார விழாக்கள் தொடங்கிவிடும். எஸ்.எஸ்.சி. தேர்வு முன்பெல்லாம் மார்ச் மாதத்தில் நடக்கும். 2025-ம் ஆண்டு பிப்ரவரி 21-ந் தேதியே தொடங்கிவிட்டது. அதற்கு ஏற்ப விழாவும் முன்னால் வந்துவிட்டது.

மராத்திக்காரர்கள் இதை "நிரோப் சமாரம்ப்" என்பார்கள். தாராவி வீடுகளில் "சென்டாப்பு" என்றால்தான் புரியும்.

விழாவை நடத்துவது 9-ம் வகுப்பு மாணவ-மாணவிகள். பணம் பிரிப்பது, வண்ணக் காகிதம் ஒட்டுவது, சமோசாவுக்குச் சொல்லி வைப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. 10-ம் வகுப்பு மாணவிகளுக்கு அன்று ஒரு நாள் சீருடை கிடையாது. சேலை கட்டி வருவார்கள். அம்மாவின் கல்யாணப் பட்டாக இருக்கும். இல்லாவிட்டால் அடுத்த வீட்டு அக்காவின் சேலை. ரவிக்கை தொளதொள என்று இருந்தால் ஊக்கு குத்திச் சரிசெய்துகொள்வார்கள். சாக்கடைத் தண்ணீர் படாமல் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர்கள் சந்துகளைக் கடந்து போவதைப் பார்க்க, வாசலுக்கு வாசல் பெண்கள் நிற்பார்கள்.

பேச்சு, பாட்டு, ஆட்டம் முடிந்ததும் பள்ளிக்கு ஒரு சுவர்க் கடிகாரமோ மின்விசிறியோ பரிசாகக் கொடுப்பார்கள். ஆண்டு முழுவதும் அடித்துத் திருத்திய கணக்கு ஆசிரியர்தான் அன்று முதலில் கண்ணைத் துடைப்பார். பையன்கள் ஒருவர் சட்டை முதுகில் ஒருவர் பேனாவால் பெயர் எழுதுவார்கள். அந்தச் சட்டையை வீட்டில் துவைக்க விடமாட்டார்கள்.

முதல் மெட்ரிக்

தமிழர்கள் இங்கே பள்ளிக்கூடம் கட்டியது நேற்று இன்று அல்ல. மாட்டுங்காவில் தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932-ம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டது. தாராவியில் காமராஜர் பெயரில் உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. 1954 முதல் 1963 வரை முதல்-அமைச்சராக இருந்து ஊர் ஊராகப் பள்ளி திறந்த அவர், சிறு வயதிலேயே படிப்பை நிறுத்தியவர். அவருக்கு யாரும் பிரிவு உபசாரம் நடத்தவில்லை.

மாட்டுங்கா, செம்பூர் குமாஸ்தா வீடுகளில் மெட்ரிக் பெரிய சேதி அல்ல. தோல் பட்டறையிலும் இட்லிக் கூடையிலும் பிழைக்கும் தாராவி வீடுகள் பலவற்றில் 10-ம் வகுப்பைத் தொட்ட முதல் ஆள் இந்தப் பிள்ளைதான். 7-ம் வகுப்பு வரை மாநகராட்சி தமிழ்ப் பள்ளியில் படித்து, பிறகு ஆங்கில வகுப்புக்கு மாறித் தட்டுத்தடுமாறி வந்தவர்கள் இவர்களில் உண்டு. மாற முடியாமல் பாதியில் நின்றவர்களுக்குச் சென்டாப்பு கிடையாது.

அந்தக் காலத்தில் மெட்ரிக்கோடு டைப்ரைட்டிங் தெரிந்தால் குமாஸ்தா ஆகிவிடலாம். இன்று ரெயில்வேயில் இளநிலை குமாஸ்தாவுக்கே 12-ம் வகுப்பு கேட்கிறார்கள். 10-ம் வகுப்புக்குக் கிடைப்பது தண்டவாளப் பராமரிப்பு போன்ற கடைநிலை வேலை. அதற்கும் போட்டி கொஞ்சம் அல்ல.

"முத்தையா யார்?"

ஹால் டிக்கெட் கைக்கு வருவதும் ஏறக்குறைய இந்த நாட்களில்தான். பெற்றோர் கண்ணை அகலத் திறந்து பார்க்க வேண்டியது இதைத்தான்.

நமக்கு இனிஷியல் போதும். மகாராஷ்டிராவில் குடும்பப் பெயர் முதலில், பிள்ளை பெயர் அடுத்து, தகப்பனார் பெயர் அதற்குப் பிறகு. தாயார் பெயர் தனி. முத்தையா மகள் செல்வி என்று வைத்துக்கொள்வோம். சேர்க்கும்போது படிவம் எழுதியவர் "முத்தையா" என்பதைக் குடும்பப் பெயர் ஆக்கியிருப்பார். தேர்வு அறையில் "முத்தையா யார்?" என்று கேட்டால் சடை போட்ட பெண் எழுந்து நிற்பாள். அண்ணனுக்குச் சாதிப் பெயர், தம்பிக்குத் தாத்தா பெயர் என்று ஒரே வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கு மூன்று குடும்பப் பெயர் இருப்பதும் உண்டு. இன்று சிரிக்கலாம். பாஸ்போர்ட் ஆபீசில் யாரும் சிரிக்கமாட்டார்கள்.

ஆதாரில் ஒரு விதமாகவும் ஹால் டிக்கெட்டில் வேறு விதமாகவும் எழுத்து இருந்தால், உடனே பள்ளி அலுவலகத்தில் சொல்ல வேண்டும். திருத்தம் பள்ளி மூலமாகத்தான் நடக்கும்.

அதோடு, ஜெனரல் ரெஜிஸ்டரில் என்ன எழுதியிருக்கிறது என்றும் கேட்டுப் பார்த்துவிடுவது நல்லது. தேர்வு முடிவுக்குப் பிறகு கொடுக்கும் லீவிங் சர்டிபிகேட் அதைப் பார்த்துத்தான் எழுதப்படும். பிறந்த தேதி, பிறந்த ஊர், சாதி எல்லாம் அதில் உண்டு. பிள்ளை பள்ளிப் பட்டியலில் இருக்கும்போது திருத்துவது எளிது. வெளியே போன பிறகு அலைச்சல்தான்.

1950 ஆகஸ்டு 10

ஆதிதிராவிடக் குடும்பங்களுக்கு இது இன்னும் முக்கியம். ஒரு மாநிலத்தில் இருந்து பிழைக்க வந்தவர்களுக்கு வந்த மாநிலத்தின் இடஒதுக்கீடு கிடைக்காது என்று சுப்ரீம் கோர்ட்டு 1990-ம் ஆண்டில் தீர்ப்பு கூறியது. மகாராஷ்டிரா சம்பந்தப்பட்ட வழக்கிலேயே 1994-ல் அதை மீண்டும் உறுதி செய்தது. சாதிச் சான்றிதழ் கேட்டுப் போனால், 1950 ஆகஸ்டு 10-ந் தேதி குடும்பம் எந்த ஊரில் இருந்தது என்று கேட்பதும் இதனால்தான். மூன்று தலைமுறையாகத் தாராவியில் இருந்தாலும், தாத்தா நெல்லைச் சீமையில் இருந்து அதற்குப் பிறகு வந்தவர் என்றால் பேரன் இன்னும் வெளிமாநிலத்தவன்தான். இது நியாயமா என்று தாராவியில் கேட்காதவர்கள் இல்லை.

ஆனால் மத்திய அரசு வேலைக்குச் சொந்த மாநிலச் சாதிச் சான்றிதழ் செல்லும். ரெயில்வேயும் அதில் சேர்ந்தது. தகப்பனார் பெயரில் ஊர் தாசில்தார் கொடுத்த சான்றிதழ் இருந்தால், அதைக் காட்டி இங்கேயே பிள்ளைக்கு வாங்க வழி இருக்கிறது. சான்றிதழில் தகப்பனார் பெயர் ஒரு மாதிரியும் பள்ளிக் காகிதத்தில் வேறு மாதிரியும் இருந்தால் அங்கேயே நின்றுவிடும். ஊருக்கு எழுதிப் பழைய காகிதங்களைத் தேடச் சொல்ல வேண்டுமானால், மே மாதம் வரை காத்திருக்க வேண்டாம்.

லீவிங் சர்டிபிகேட் வந்த அன்றே பத்து நகல் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். அசல், ஜூனியர் காலேஜ் அலுவலகத்துக்குள் போனால் பிறகு கண்ணில் படாது.