பிஸ்டன் நிற்கும் இடம்தான் தேய்கிறது

திருப்பதி, சித்தூர் பக்கம் வருஷக்கணக்கில் உழைத்த பெட்ரோல் டாக்சி ஒன்றின் இன்ஜினைப் பட்டறையில் இறக்கிப் பிரிக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். ஹெட் போல்ட்டுகளை மெக்கானிக் ஓரத்திலிருந்து நடுப்பக்கமாக, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தளர்த்துவார். ஒரு பக்கத்தை மட்டும் முழுசாகக் கழற்றினால் அலுமினிய ஹெட் கோணிக்கொள்ளும். திரும்பப் பூட்டும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு.

ஹெட்டைத் தூக்கியதும் சிலிண்டருக்குள் விரலை விட்டுச் சுவரைத் தடவுவார். மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே நகத்தில் ஒரு படி தட்டும். அந்தப் படிக்கு மேலே பிஸ்டன் ரிங் எட்டாது; அங்கே தேய்மானம் இல்லை. படிக்குக் கீழேதான் சுவர் அரைபட்டுக் கிடக்கும். பிஸ்டன் படுவேகத்தில் பறக்கும் நடுப்பகுதியிலோ தேய்மானம் மிகக் குறைவு. இன்ஜினுக்குள் எனக்குப் பெரிய ஆச்சரியம் இதுதான்.

ஓடும்போது ரிங்கையும் சுவரையும் பிரித்து நிறுத்துவது சில மைக்ரான் கனமுள்ள ஆயில் படலம். அந்தப் படலத்தை உண்டாக்குவதே வேகம்தான். 1883-இல் இங்கிலாந்தில் ரயில் அச்சு பேரிங்குகளைச் சோதித்த போஷாம்ப் டவர், பேரிங்கில் இருந்த துளையை அடைப்பான் போட்டு மூடினார். சுழலும் அச்சு ஆயிலை உள்ளே இழுத்து, அந்த அடைப்பானையே வெளியே தள்ளிவிட்டது. அவ்வளவு அழுத்தம்! அதற்கான கணக்கை 1886-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் எழுதினார். நல்ல நிலையில் ஓடும் கிராங்க் ஷாஃப்ட் பேரிங்கைத் தொடுவதில்லை, ஆயில் மேல் மிதக்கிறது.

பிஸ்டனுக்கு அந்த வசதி முழுசாக இல்லை. நிமிஷத்துக்கு 3000 சுற்றில் அது நொடிக்கு 100 தடவை நின்று திரும்புகிறது. உச்சியில் நிற்கும் கணத்தில் வேகம் இல்லை. எரியும் வாயுவின் அழுத்தம் ரிங்கைச் சுவரோடு நெருக்குகிறது. சூடு ஆயிலை நீர்க்க வைக்கிறது. படலம் அறுந்து உலோகம் உலோகத்தைத் தொடுகிறது. இதற்காகத்தான் சிலிண்டர் சுவரைக் கண்ணாடிபோல வழவழப்பாக விடாமல், ‘ஹோனிங்’ செய்து சாய்வாகக் குறுக்கும் மறுக்குமாக மெல்லிய கீறல்கள் போடுகிறார்கள். ஆயில் தங்குவது அந்தக் கீறல்களில்தான். அவை மறைந்து சுவர் பளபளத்தால் கைதேர்ந்த மெக்கானிக் உதட்டைப் பிதுக்குவார்.

இந்தத் தேய்மானம் வெளியே தெரிவது திருமலை மலைப்பாதையில். முதல் பாதை 1944-இலும் இரண்டாவது 1974-இலும் திறக்கப்பட்டன. இப்போது இறங்க முதல் பாதை, ஏற இரண்டாவது. ஏற்றத்தில் இன்ஜின் உழைப்பது எல்லோருக்கும் தெரியும். தேய்ந்த இன்ஜின் காட்டிக்கொடுப்பதோ இறக்கத்தில். ஆக்சிலரேட்டரை விட்டு கியரில் இறங்கும்போது சிலிண்டருக்குள் வெற்றிடம் உண்டாகி, தளர்ந்த ரிங், வால்வு கைடு வழியாக ஆயிலை உறிஞ்சும். அடிவாரத்தில் மறுபடி ஆக்சிலரேட்டரை மிதித்ததும் பின்னால் நீலப்புகை.

அதற்குப் பயந்து நியூட்ரலில் இறங்காதீர்கள், பிரேக் சூடேறிப் பிடிப்பு குறையும். சின்ன கியரிலேயே இறங்குங்கள். நீலப்புகை கண்டால் டிப்ஸ்டிக்கை எடுத்து ஆயில் அளவைப் பார்த்துவிட்டு, நம்பிக்கையான மெக்கானிக்கிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.