ஏரி மாவட்ட மலைநடை

ஏரி மாவட்ட மலைநடை என்பது இங்கிலாந்தின் வடமேற்கில் கம்பிரியாப் பகுதியில் அமைந்துள்ள ஏரி மாவட்டத்தின் குன்றுகளிலும் ஏரிக்கரைகளிலும் நடந்து செல்லும் பொழுதுபோக்கு ஆகும். பெயரில் மாவட்டம் என்று இருந்தாலும் இது ஒரு நிர்வாகப் பிரிவு அன்று. இப்பகுதி 1951ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாகவும், 2017ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களமாகவும் அறிவிக்கப்பட்டது. இங்கிலாந்தின் மிக உயரமான சிகரமாகிய ஸ்கேஃபெல் பைக் (978 மீ) இங்கேயே உள்ளது. அதுவும் 1000 மீட்டரை எட்டவில்லை. குறைந்த உயரத்திலேயே முழுமையான மலைக்காட்சி கிடைப்பது இப்பகுதியின் சிறப்பாகும். இதனால் சிறு குழந்தைகளுடன் வரும் குடும்பத்தினரும், முதியோரும், சில பாதைகளில் சக்கர நாற்காலியில் செல்வோரும் இங்கு மலைநடையில் ஈடுபடுகின்றனர். இப்பாதைகள் தொன்றுதொட்டு எல்லோருக்கும் திறந்திருந்தவை போலத் தோன்றினும், அவற்றுள் பல போராட்டத்தாலும் வழக்காலும் நன்கொடையாலும் பொதுமக்களுக்குக் கிடைத்தவை ஆகும்.

நில அமைப்பும் பெயர்களும்

இறுதிப் பனிக்காலத்தில் பனியாறுகள் இங்குள்ள பள்ளத்தாக்குகளை ஆழமாகக் குடைந்தன. பனி உருகிய பின் அப்பள்ளங்களில் நீர் தேங்கி நீண்டு ஒடுங்கிய ஏரிகள் உருவாயின. பள்ளத்தாக்குகள் நடுவிலிருந்து எல்லாத் திசைகளிலும் பிரிந்து செல்கின்றன. இவ்வமைப்பைக் கவிஞர் வில்லியம் வேர்ட்ஸ்வர்த் தமது ஏரிப்பகுதி வழிகாட்டி நூலில் சக்கரத்தின் ஆரங்களுக்கு ஒப்பிட்டார். நடப்போருக்கு இதனால் ஒரு வசதியும் ஓர் இடரும் உண்டு. அடுத்தடுத்த பள்ளத்தாக்குகள் நெருக்கமாக இருப்பதால் ஒரு சிறு முகட்டில் ஏறினாலே இருபுறமும் வெவ்வேறு காட்சிகள் கிடைக்கின்றன. ஆனால் மூடுபனியில் தவறான பக்கமாக இறங்கினால், புறப்பட்ட ஊருக்குச் சாலைவழியே திரும்ப வெகுதூரம் சுற்ற வேண்டியிருக்கும்.

வைக்கிங் காலத்தில் இங்கு குடியேறிய நோர்சு மொழியினரின் சொற்கள் நிலப்படங்களில் இன்றும் நிலைத்துள்ளன. ஃபெல் என்பது மலையையும், பெக் என்பது ஓடையையும், டார்ன் என்பது மலைமேல் உள்ள சிறு நீர்நிலையையும் குறிக்கும். டார்ன் என்பதற்குத் தமிழில் சுனை என்ற சொல் ஓரளவு பொருந்தும். பெரிய நீர்நிலைகளின் பெயர்கள் மியர் என்றோ வாட்டர் என்றோ முடிகின்றன. பெயரிலேயே லேக் என்ற சொல்லைக் கொண்டது பாசென்துவைட் லேக் ஒன்றே என்பது இப்பகுதி மக்கள் விரும்பிச் சொல்லும் செய்தி.

வழியுரிமை வரலாறு

19ஆம் நூற்றாண்டில் தொடர்வண்டிப் பாதைகள் வந்த பின்னர் இப்பகுதிக்கு வருவோர் பெருகினர். அதே காலத்தில் நில உரிமையாளர்கள் சிலர் பழைய நடைவழிகளை அடைக்கத் தொடங்கினர். கெஸிக் நகரை ஒட்டியுள்ள லாட்ரிக் (368 மீ) என்னும் குன்றுக்குச் செல்லும் வழி அவ்வாறு அடைக்கப்பட்டபோது, நகர மக்கள் பாதைப் பாதுகாப்புச் சங்கம் ஒன்றின் வழியே எதிர்ப்புத் தெரிவித்தனர். 1887 அக்டோபர் 1 அன்று ஏறத்தாழ 2000 பேர் தடைகளை அகற்றியவாறு குன்றின் உச்சிவரை நடந்தனர். வழக்கு நீதிமன்றத்திற்குச் சென்று, மறு ஆண்டில் சமரசத்தில் முடிந்தது. உச்சிக்குச் செல்லும் பாதை பொதுவழியாக ஏற்கப்பட்டது. நகரத்தின் எளிய மாலை நடைக்குரிய ஒரு சிறு குன்றுக்காக இத்தனை பேர் திரண்டது கருதத்தக்கது.

இச்சங்கத்தில் முன்னின்ற பாதிரியார் ஹார்ட்விக் ரான்ஸ்லி, 1895இல் ஆக்டேவியா ஹில், ராபர்ட் ஹன்டர் ஆகியோருடன் சேர்ந்து நேஷனல் டிரஸ்ட் என்னும் அறக்கட்டளையை நிறுவினார். பொதுமக்களிடம் திரட்டிய நிதியைக் கொண்டு 1902இல் டெர்வென்ட்வாட்டர் ஏரிக்கரையில் பிரான்டல்ஹோ என்னும் காட்டுநிலம் வாங்கப்பட்டது. ஏரி மாவட்டத்தில் இவ்வறக்கட்டளை பெற்ற முதல் நிலம் இதுவே. குழந்தை எழுத்தாளர் பீட்ரிக்ஸ் பாட்டரும் 1943இல் இறந்தபோது தம் பண்ணைகளையும் 4000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தையும் இதற்கு விட்டுச் சென்றார்.

மலைநடை செல்வந்தருக்கு மட்டும் உரியதாக இல்லாமற் போனதற்குத் தாமஸ் ஆர்தர் லெனார்ட் என்பவரின் பணியும் ஒரு காரணம். லங்காஷயரின் பருத்தியாலை நகரமாகிய கோல்னில் சமயப் பணியாற்றிய இவர், 1891இல் தம் சபையைச் சேர்ந்த தொழிலாளர் குழு ஒன்றை ஆம்பிள்சைடுக்கு நடைப்பயணமாக அழைத்து வந்தார். பின்னர் எளியோருக்கான விடுமுறைச் சங்கங்கள் அமைய இது வித்திட்டது. பாதை அல்லாத திறந்த மலைநிலத்தில் நடக்கும் உரிமை மிகப் பிந்தியே, 2000ஆம் ஆண்டின் நாட்டுப்புற மற்றும் வழியுரிமைச் சட்டத்தால் கிடைத்தது.

குடும்பங்களுக்கு ஏற்ற பாதைகள்

தேசியப் பூங்கா நிர்வாகம் ஏறுபடிகளும் குறுகிய வாயில்களும் இல்லாத சுமார் 50 பாதைகளைத் தனியே வகைப்படுத்தி அறிவித்துள்ளது. குழந்தைத் தள்ளுவண்டிகளும் சக்கர நாற்காலிகளும் செல்லத்தக்கவை இவை. எல்லோருக்கும் உரியவை, பலருக்கு உரியவை, சிலருக்கு உரியவை என மூன்று தரங்கள் உள்ளன. 1887இல் மக்கள் திரண்டு ஏறிய லாட்ரிக் குன்றின் பாதை ஒன்றும் இப்பட்டியலில் இடம்பெற்றுள்ளது.

கோனிஸ்டன் அருகேயுள்ள டார்ன் ஹோஸைச் சுற்றி ஏறத்தாழ 3 கி.மீ. நீளமுள்ள சமமான பாதை உள்ளது. காண்போர் இதனை இயற்கை ஏரி என்றே கருதுவர். உண்மையில் 19ஆம் நூற்றாண்டில் அணை கட்டி மூன்று சிறு சுனைகளை ஒன்றாக்கியதால் உருவானது இது. பட்டர்மியர் ஏரியைச் சுற்றிவரும் பாதை சுமார் 7 கி.மீ. நீளமானது. இங்கு ஓரிடத்தில் கரைப்பாறையைக் குடைந்து அமைத்த சிறு சுரங்கத்தினூடே நடக்க வேண்டும். சிறுவர்களுக்கு ஏரியைவிட அதுவே நினைவில் நிற்கும்.

உண்மையான மலை ஒன்றில் ஏற விரும்பும் குடும்பங்கள் பெரும்பாலும் நாடுவது கேட்பெல்ஸ் (451 மீ) ஆகும். கெஸிக்கிலிருந்து டெர்வென்ட்வாட்டர் ஏரியில் படகில் சென்று ஹாஸ் எண்ட் துறையில் இறங்கி ஏறலாம். படகு, முகடு, காடு என மூன்றும் ஒரே நாளில் அமைவது இதன் சிறப்பு. பீட்ரிக்ஸ் பாட்டரின் மிசஸ் டிக்கிவிங்கிள் கதையில் (1905) வரும் முள்ளெலி சலவைக்காரியின் வீடு இம்மலையிலேயே உள்ளதாகக் கூறப்பட்டுள்ளதால், கதையை அறிந்த சிறுவர்கள் வழிநெடுகச் சிறு கதவு ஒன்றைத் தேடுவதுண்டு. 1955 முதல் 1966 வரை ஏழு தொகுதிகளில் 214 மலைகளைக் கையால் எழுதியும் வரைந்தும் விளக்கிய ஆல்ஃபிரட் வெயின்ரைட்டும் இதனை முதியோருக்கும் குழந்தைகளுக்கும் ஏற்றதெனக் குறித்தார்.

இப்புகழே சிலரை ஏமாற்றி விடுகிறது. கேட்பெல்ஸ் முகட்டில் ஓரிரு இடங்களில் கைகளையும் ஊன்றிப் பாறையில் ஏற வேண்டும். அத்தகைய ஓர் இடத்திலேயே லெனார்டின் நினைவுப் பலகை பதிக்கப்பட்டுள்ளது. எண்ணற்ற காலடிகளால் அப்பாறை வழவழப்பாகியுள்ளது. ஈரமான நாளில் ஏறுவதைவிட இறங்குவதே கடினம். ஆகையால் வந்த வழியே திரும்பாமல், தெற்கே ஹாஸ் கேட் என்னும் கணவாய் வழியாக இறங்கிப் பிரான்டல்ஹோ காட்டினூடே ஏரிக்கரைக்கு வருவது குழந்தைகளுடன் செல்வோருக்கு நல்லது.

நேரக் கணிப்பு

நடைக்குத் தேவையான நேரத்தைக் கணிக்க ஸ்காட்லாந்து மலையேறுநர் வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் வகுத்த விதி இன்றும் பயன்படுகிறது. ஏறத்தாழ 5 கி.மீ. தூரத்திற்கு ஒரு மணி நேரமும், ஒவ்வொரு 600 மீ ஏற்றத்திற்கும் மேலும் ஒரு மணி நேரமும் கொள்ள வேண்டும் என்பது அவ்விதி. கேட்பெல்ஸ் சுற்றை 6 கி.மீ. தூரமும் 375 மீ ஏற்றமும் எனக் கொண்டால் 1 மணி 50 நிமிடம் கிடைக்கும். ஆனால் இது நிற்காமல் நடக்கும் உடல்வலுவுள்ள பெரியவருக்கான கணக்கு. சிறுவர்களுடன் செல்வோர் இதனை இருமடங்காகக் கொள்வதே பொருத்தம். குழுவின் வேகம் அதிலுள்ள மிகச் சிறியவரின் வேகமே.

பகற்பொழுதின் நீளமும் கருதத்தக்கது. ஜூன் மாதத்தில் இரவு 9.30 மணிக்குப் பின்னரே கதிரவன் மறையும். டிசம்பரில் பிற்பகல் 4 மணிக்கு முன்பே இருட்டத் தொடங்கிவிடும்.

வானிலையும் பாதுகாப்பும்

பாரோடேல் பள்ளத்தாக்கிலுள்ள சீத்வைட் இங்கிலாந்தில் மக்கள் வாழும் இடங்களுள் மிகுந்த மழை பெறுவது. அங்கு ஆண்டுக்கு 3000 மி.மீ.க்கு மேல் மழை பெய்கிறது. அதற்கு அண்மையிலுள்ள ஹோனிஸ்டர் கணவாயில் 2015 டிசம்பர் 5 அன்று 24 மணி நேரத்தில் 341.4 மி.மீ. மழை பதிவானது. கோடையிலும் மழையங்கி தேவைப்படுவது இதனாலேயே. உயரம் கூடுந்தோறும் 100 மீட்டருக்கு அரை பாகைக்கு மேல் வெப்பநிலை குறையும்; காற்றும் வலுக்கும். முதுகில் சுமக்கப்படும் குழந்தை அசையாமல் இருப்பதால், ஏறுவதால் வியர்க்கும் பெற்றோர் உணருமுன்பே அது குளிரால் தாக்குறும்.

மலைமீட்புக் குழுக்களில் பணிபுரிவோர் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள். விபத்து நேர்ந்தால் 999 என்ற எண்ணை அழைத்து, முதலில் காவல்துறையையும் பின்னர் மலைமீட்பையும் கேட்க வேண்டும். பள்ளத்தாக்குகளில் கைப்பேசி அலை கிடைக்காத இடங்கள் உள்ளன. அங்கு ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதல் ஒலித்து, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஒலிப்பது உதவிக்கான குறியாகும். பன்னப்புதர்களுக்கிடையே நடந்த பின் உண்ணி கடித்துள்ளதா எனக் குழந்தைகளின் கால்களைப் பார்க்க வேண்டும். உண்ணிகள் லைம் நோயைப் பரப்பக்கூடியவை.

திறந்த மலைநிலத்தில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாய்களை 2 மீட்டருக்கு மேற்படாத வாரில் பிடித்துச் செல்ல வேண்டும் என்பது சட்டம். தரையில் கூடு கட்டும் பறவைகளைக் காப்பது இதன் நோக்கம். இங்குள்ள ஹெர்ட்விக் செம்மறி ஆடுகள் வேலியின்றியே தத்தம் மலைப்பகுதியில் தங்குபவை. தாய் ஆட்டிடமிருந்து குட்டி இவ்வெல்லையைக் கற்றுக்கொள்வதால், துரத்தப்பட்டுச் சிதறிய மந்தையை மீண்டும் அங்கு நிலைக்கச் செய்வது எளிதன்று.

பாதைத் தேய்வும் தார்ப்பாதைச் சர்ச்சையும்

நடப்போர் மிகுந்ததால் புல் அழிந்து, மழைநீர் பாதையை ஓடையாக அரித்துச் செல்கிறது. 2001ஆம் ஆண்டு முதல் நடைபெற்றுவரும் ஃபிக்ஸ் த ஃபெல்ஸ் என்னும் திட்டத்தின்கீழ் தொழிலாளர்களும் தன்னார்வலர்களும் கற்களைப் பதித்துப் பாதைகளைச் சீரமைக்கின்றனர். கற்படிகள் மலையைச் செயற்கையாக்குகின்றன என்போரும் உளர்.

இக்கருத்து வேறுபாடு கெஸிக் - திரெல்கெல்ட் பாதையில் வெளிப்படையானது. 1972இல் மூடப்பட்ட தொடர்வண்டித் தடத்தின்மேல் அமைந்த இந்நடைபாதையின் பாலங்கள் 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. மீண்டும் அமைக்கும்போது தார் மேற்பரப்பு இடத் தீர்மானிக்கப்பட்டது. ஆற்றோரக் காட்டுவழியை இது நகரச் சாலை போலாக்கிவிடும் என்று ஒரு சாரார் எதிர்த்தனர். சரளைப் பரப்பில் சக்கர நாற்காலியை உருட்டுவது கடினம் என்பது மறுசாராரின் வாதம். பாதை தார் மேற்பரப்புடன் 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது.